யன்னல் நாலு, திரைச்சீலை பதினாறு

வவுனியாவில் நாங்கள் குடியிருந்த அரசாங்க விடுதிக்கு யன்னல்கள் நாலு. அந்த நாலு யன்னலுக்கும் என் மனைவி தைத்த திரைச்சீலைகள் பதினாறு. நாலு தொங்கின, மிச்சம் பன்னிரண்டும் றங்குப்பெட்டிக்குள் கிடந்தன. பார்த்தவர்கள் அவளுக்குத் திரைச்சீலைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். பைத்தியம் எனக்குத்தான் பிடித்திருந்தது. அதற்குப் பொறாமை என்று பெயர். இந்த வயதில் அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. குளங்களையும் வாய்க்கால்களையும் பராமரிக்கிற ஒரு கந்தோரில் நான் கிளாக்கர். ஊர் யாழ்ப்பாணப் பக்கம். ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் சோதனை பாஸ் பண்ணி, ஆங்கிலத்தில் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்கியவன். மற்றவர்கள் எழுதிய கடிதங்களை எஞ்சினியர் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் திருத்திக் கொடுப்பதில் மறுபேச்சில்லாமல் கையொப்பமிடுவார். அந்தப் பெருமையைச் சட்டைப்பையில் பேனாவோடு சேர்த்துக் குத்திக்கொண்டு திரிந்தேன்.

என் மனைவி எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்கு வரும் தந்தியைக்கூட நான் வரும்வரை பிரிக்காமல் வைத்திருப்பாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை அப்போது நான் உணரவில்லை.

சிங்களம் அரச கரும மொழியாகிச் சில வருடங்கள் போயிருந்தன. இப்போது அது கந்தோருக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு சுற்றறிக்கை வந்தது. குறித்த காலத்துக்குள் சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு இல்லை, அதற்குப் பிறகு வேலையும் இல்லை. வேலை போனால் விடுதி போகும். விடுதியோடு, என் மனைவி கிணற்றடியில் நட்டு வளர்த்த வாழைகளும் போகும். எனக்கு நல்லாய்த் தெரிந்த ஒரே தொழில் கடிதம் எழுதுவது.

அன்று தேநீர் வேளையில் பெரிய கிளாக்கர் எழுந்து நின்றார். அவர் எங்கள் பக்கத்து விடுதிக்காரர். அவருடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

“தம்பிமார், ஒருத்தரும் படிக்கப்படாது. படிக்கிறவன் தமிழனே இல்லை. சம்மதமெண்டால் கையைத் தூக்குங்கோ” என்றார்.

எல்லாரும் தூக்கினோம். என் கை மற்றவர்களுடையதைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதே கிழமை நான் சிங்களம் சொல்லித்தர ஆள் தேடத் தொடங்கினேன்.

எனக்குத் தமிழில் பற்றில்லை என்று நினைக்க வேண்டாம். பற்று இருந்தது. வேலையிலும் பற்று இருந்தது. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடு என்று சுற்றறிக்கை கேட்டது, நான் இரண்டையும் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். என்னைப் போல எத்தனை பேர் பார்த்தார்களோ, யார் கண்டது?

ஆளைக் கண்டுபிடித்தது என் மனைவி. சந்தைக்குப் பின்னால் தன் தமையன் வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுக்கிற ஒரு விதவை. தெற்கே கடற்கரையோர ஊரொன்றில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. அங்கே புருஷனும் அவருமாகத் தையல் கடை வைத்திருந்தார்கள். ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் கடை எரிந்தது. இரண்டு பேரும் உடுத்த உடுப்போடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். அடுத்த வருடம் புருஷன் ஏங்கியே செத்துப்போனார். சிங்களம் அந்தப் பெண்மணிக்குத் தாய்ப்பால் மாதிரி, எழுத வாசிக்கவும் தெரியும்.

ஆள் கிடைத்தாயிற்று. அந்த ஒற்றைச் சுவரை என்ன செய்வது? புது மொழியை வாய்விட்டுச் சொல்லாமல் படிக்க முடியாது. வாய்விட்டுச் சொன்னால் பெரிய கிளாக்கருக்குக் கேட்கும்.

“நான் மெசினை ஓட்டுறன். அக்கா எனக்குத் தையல் பழக்க வாறா எண்டு சொல்லுவம்” என்றாள் என் மனைவி.

அவளுடைய சீதனத்தில் வந்த மிதிக்கிற தையல் மெசின் ஒன்று வீட்டில் இருந்தது. ஓடத் தொடங்கினால் மாட்டுவண்டி பாலம் கடக்கிற சத்தம் போடும். அந்த யோசனையிலேயே எனக்குச் சின்ன எரிச்சல் வந்தது. இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தும் எனக்கு வராதது, அவளுக்கு அரிசி கழுவும்போது வந்துவிட்டது.

இப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கியது. கிழமைக்கு மூன்று நாள் பின்னேரம் நாலரைக்கு அந்தப் பெண்மணி, எங்கள் ரீச்சர், துணிப்பையோடு வருவார். மெசின் சுவர்ப் பக்கம், அதற்குப் பக்கத்தில் ரீச்சரின் கதிரை, எதிரே நான். மெசின் ஓடும்போது நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். நின்றால் நானும் நிற்க வேண்டும். நூல் அறுந்தால் பாதிச் சொல்லோடு வாயைத் திறந்தபடி இருப்பேன். அவள் ஊசியில் நூல் கோத்து மிதிக்கும்வரை மீதிச் சொல் தொண்டைக்குள் காத்திருக்கும். அந்த வீட்டில் என் படிப்பு அவளுடைய காலுக்குக் கீழே நடந்தது.

மெசினை வெறுமனே ஓட்ட முடியாதே. நேராகத் தைத்துக்கொண்டே போகக்கூடியது திரைச்சீலை. மலிவான வெள்ளைத் துணி வாங்கிப் போட்டேன். “இன்னும் முடியேல்லையோ பிள்ளை?” என்று பெரிய கிளாக்கரின் மனைவி வேலிக்கு மேலால் கேட்பார். “தங்கச்சி வீட்டுக்கும் சேர்த்துத் தைக்கிறன் மாமி” என்பாள் இவள். அவளுக்குத் தங்கச்சியே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்தில் சரியாக ஐந்து மணிக்கு ரேடியோ பாடத் தொடங்கும். அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி. எங்களுக்கு அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

முதல் மாதம் நன்றாகப் போனது. எழுத்துகள் எல்லாம் உருண்டையாய், ஒன்றைப் போல ஒன்று இருந்தன. நான் கொப்பி நிறைய எழுதினேன். ரீச்சர் “ஹொந்தய், ஹொந்தய்” என்று, நல்லது நல்லது என்று, தலையாட்டுவார். ஒரு நாள் வீட்டுச் சாமான்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு வந்தார். கதவு சொன்னேன், விளக்குச் சொன்னேன். கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு வரவில்லை. முகட்டைப் பார்த்தேன். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. பல்லுக்கிடையில் குண்டூசியைக் கடித்துக்கொண்டிருந்த என் மனைவி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

ரீச்சர் கையைத் தட்டிச் சிரித்தார். “நங்கி, நீங்களும் படிக்கிறீங்களோ!” நங்கி என்றால் தங்கச்சி. அன்றைக்குத்தான் அவளை முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டார். எனக்கு அவர் கடைசிவரை ‘ஐயா’தான்.

நானும் சிரித்தேன். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. இரவுச் சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்று அவளை ஏசினேன். உப்புச் சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் தடக்குப்படுவேன், அவள் எடுத்துக் கொடுப்பாள். கர்வத்தோடு கொடுக்கவில்லை. சோறு பிசைந்து கொடுப்பது போலக் கொடுத்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கந்தோரில் லெட்ஜருக்குக் கீழே கொப்பியை வைத்துப் படித்தேன், குளிக்கும்போது படித்தேன், சைக்கிளில் போகும்போது உதட்டுக்குள் முணுமுணுத்தேன். அவள் எப்போது படித்தாள்? கீரை ஆய்ந்தாள், முற்றம் கூட்டினாள், திரைச்சீலை தைத்தாள். தலைகீழாக நின்றும் எனக்கு வராதது, அவளுக்குக் காதுவழியாகப் போய் அப்படியே குந்திக்கொண்டது.

பாட நேரத்தில் அவளைத் தேத்தண்ணி போட அனுப்பிப் பார்த்தேன். மெசின் நின்றது, என் வாயும் நின்றது. வேகமாக மிதிக்கச் சொன்னேன், சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்காது என்ற நினைப்பு. “வேகமாய் மிதிச்சால் தையல் கோணும்” என்றாள். கோணட்டும் என்று கத்தினேன். ரீச்சர் கதிரையில் இருந்தபடி தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் தைத்து முடியாத திரைச்சீலையை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில், மடித்துத் தைக்க விட்டிருந்த இடத்தில், துணியில் கோடு கீறுகிற நீலச் சோக்கால் சிங்கள எழுத்துகள் வரிசையாக இருந்தன. அவளுக்குக் கொப்பி இல்லை. நான் வாங்கிக் கொடுத்ததில்லை, அவள் கேட்டதுமில்லை. துணியில் எழுதிப் பழகி, ஓரத்தை மடித்துத் தைத்து மறைத்திருக்கிறாள். அந்த எழுத்துகள் என்னுடையவற்றைவிட வடிவாக இருந்தன. ஒன்றைத் தொட்டுத் தேய்த்தேன். விரலில் நீலம் ஒட்டியது. ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டேன். சொன்னால், பார்த்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே.

ஒரு சனிக்கிழமை ரீச்சர் விளையாட்டாகச் சொல்லெழுதச் சொன்னார், எங்கள் இரண்டு பேரையும். இருபது சொல். திருத்திவிட்டு என் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். “இரண்டு பேரும் நல்லாய் எழுதியிருக்கிறீங்கள்” என்றார். என் மனைவியின் தாள் மேசையில் கிடந்தது. அதில் ஒரு பிழைகூட இல்லை. என் தாளை நான் கேட்கவில்லை. எனக்கு இரக்கம் காட்டும் அளவுக்கு வந்துவிட்டதே என்று எரிச்சல் வந்தது.

இதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. நான் கந்தோர் விட்டு வரும் நாட்களில் சில வேளை ரீச்சர் முந்தி வந்திருப்பார். படலையடியில் சைக்கிளை உருட்டி வரும்போது உள்ளே இரண்டு பெண்களும் சிங்களத்தில் கதைப்பது கேட்கும். கதையில்லை, ஆறு மாதிரி ஓடும். இடையில் என் மனைவியின் சிரிப்பு. சில வேளை இருவருமே நெடுநேரம் பேசாமல் இருப்பார்கள். நான் வாசலில் கால் வைத்ததும் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

“என்ன கதைச்சனீங்கள்?” என்று பிறகு கேட்பேன்.

“ஒண்டுமில்லை. சும்மா கதை.”

ஒன்றுமில்லாததற்கு ஏன் என்னைக் கண்டதும் மாற வேண்டும்? என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். என் நாக்குத் தடித்த நாக்கு என்று சொல்லியிருப்பாள். கத்தரிக்கோலுக்குச் சொல் தெரியாதவர் என்று சொல்லியிருப்பாள். என் வீட்டுக்குள்ளேயே ஒரு கதவு திறந்து, அதற்குள் அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. சாவியைக் காசு கொடுத்து வரவழைத்தவன் நான்.

இதற்கிடையில் நாடு கொதித்தது. கச்சேரி வாசலில், அரசாங்க அதிபரின் கந்தோர் வாசலில், சனம் சத்தியாக்கிரகம் இருந்தது. நாங்களும் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றோம். நானும் கோஷம் போட்டேன், மனதாரத்தான் போட்டேன். பிறகு அவசரகாலச் சட்டம் வந்தது. நாலு பேர் கூடி நின்றால் பொலிஸ் கலைத்தது. பட்டாளத்து லொறிகள் கண்டி வீதியால் வடக்கே ஓமந்தைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. லொறிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் ரீச்சர் பேச்சை நிறுத்திவிடுவார். என் மனைவி மெசினிலிருந்து எழுந்து அவருடைய கையைப் பிடித்துக்கொள்வாள். சத்தம் போன பிறகுதான் பாடம் தொடரும்.

சோதனைக்கு இரண்டு மாதம் இருந்தது.

அன்றைக்கு நான் கந்தோரிலிருந்து நேரத்தோடு வந்தேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் லொறியொன்று நின்றது. எஞ்சின் சூடாகி ஆவி பறந்துகொண்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கிணற்றடியில் ஒரு இளம் ராணுவச் சிப்பாய் வாளியோடு நின்றான். என் மனைவி துலாக்கயிற்றைப் பிடித்தபடி அவனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கயிறு பழசு, மெல்ல இழுக்கவேண்டும் என்று சொல்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. அவன் ஏதோ கேட்டான், எந்த ஊர் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் சிரித்துவிட்டு இந்த ஊர்தான் என்றாள். அவளுடைய சிங்களத்தைக் கேட்டு அவன் நம்பவில்லை.

என்னைக் கண்டதும் அவன் மரியாதையாக என்னிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டான். இது உங்கள் வீடா என்றுதான் கேட்டான். முதலாம் பாடம். கொப்பியின் முதலாம் பக்கம். என் நாக்கு அசையவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவன் திரும்பி என் மனைவியிடம் மெல்ல ஏதோ சொன்னான், அவள் பதில் சொன்னாள், அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

“என்ன சொன்னவன்?”

“ஐயா கோவக்காரரோ எண்டு கேட்டவன்.”

“நீ என்ன சொன்னனி?”

“இல்லை, கந்தோராலை களைச்சு வந்திருக்கிறார் எண்டனான்.”

எனக்காக அவள் பொய் சொல்லியிருக்கிறாள். அதுவும் நல்ல சிங்களத்தில். அவள் பயப்பட்டிருந்தால் நான் அவளுக்குக் காவலாக நின்றிருப்பேன். அவள் பயப்படவில்லை. அந்த இடத்தில் என்னால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. வாயில்லாமல் நின்றது நான்தான், எனக்காகப் பதில் சொன்னது அவள்.

லொறி போன பிறகு வாழைகளுக்குப் பின்னாலிருந்து ரீச்சர் வந்தார். லொறியைக் கண்டு ஒளிந்து நின்றிருக்கிறார். துணிப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் அடுத்துச் செய்ததைவிடக் கேவலமானது வேறொன்றில்லை.

“ரீச்சர், ரோட்டிலை பட்டாளம் திரியுது. உங்களுக்கும் பயம், எங்களுக்கும் வீண் வில்லங்கம். இனி வர வேண்டாம். மிச்சத்தை நான் தனியப் படிப்பன்” என்றேன்.

ரீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “எனக்குப் பயம்தான் ஐயா. நெடுகலும் பயத்தோடைதான் வந்தனான். இஞ்சை வந்தால் நங்கியோடை கொஞ்சம் கதைக்கலாம் எண்டு” என்றார்.

என் மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். அவளுடைய குரல் தாழ்ந்திருந்தது. “இஞ்சேருங்கோ, அவவை நிப்பாட்டாதேங்கோ. நான் இருக்கிறதுதான் உங்களுக்குக் கரைச்சல் எண்டால், நான் மெசினை விட்டிட்டுப் பின்வளவுக்குப் போறன். காதைப் பொத்திக்கொண்டு எண்டாலும் இருக்கிறன்.”

அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் மறைத்து வைத்திருந்ததெல்லாம் எத்தனை மாதமாக அவளுக்குத் தெரிந்திருந்தது! அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. முடியாது என்றேன்.

ரீச்சர் போன பிறகு அவள் மெசினுக்கு மூடியைப் போட்டு மூடினாள். அப்போதுதான் சொன்னாள்:

“அவ பிறந்ததே அங்கை. மனிசனோடை சண்டை பிடிச்சதும் சிரிச்சதும் அந்தப் பாஷையிலைதானாம். தமையன் வீட்டிலை அதிலை ஒரு சொல்லு வந்தால் ஏச்சு. இஞ்சை வந்துதான் மனிசனைப் பற்றிக் கதைக்கிறவ. தமிழிலை அது அவவுக்கு வராதாம்.”

அப்படியானால் என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அத்தனை மாதம் நான் காதைத் தீட்டிக்கொண்டு எரிந்தது, செத்துப்போன ஒரு மனிதனின் கதைக்காக. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ரீச்சரைத் திரும்பக் கூட்டி வந்திருக்கலாம். சந்தை அரை மைல்கூட இல்லை. நான் போகவில்லை. சில கிழமைகளில் அவர் முள்ளியவளையில் யாரோ உறவினரிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். என் மனைவி அதைக் கேட்டுவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

சோதனை அனுராதபுரத்தில். கந்தோரில் கலியாணவீடு என்று பொய் சொல்லிவிட்டு, ஸ்டேசனுக்குப் போய்க் காலைக் கோச்சி ஏறினேன். எழுத்துச் சோதனையை ஒருவாறு ஒப்பேற்றினேன். பின்னேரம் வாய்மொழிச் சோதனை. வெள்ளைச் சாரம் உடுத்த வயதான மனிதர், நல்ல மனிதர். இருக்கச் சொன்னார். என் பெயரையும் வேலையையும் கேட்டார், சொன்னேன். அடுத்து, உங்கள் மனைவி வீட்டில் என்ன செய்வார் என்று கேட்டார்.

பதில் தெரியும். தைக்கிறாள். ஒரே ஒரு சொல். அந்தச் சொல் எனக்குள் தெளிவாகக் கேட்டது, ஆனால் அவளுடைய குரலில் கேட்டது. குண்டூசியைக் கடித்துக்கொண்டு, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிற குரல். அடுத்த சொல், அதற்கடுத்த சொல், எனக்குத் தெரிந்த எல்லாச் சிங்களமும் அவளுடைய குரலில்தான் வந்து நின்றது. நான் சொன்னால் பாஸ் பண்ணுவது அவள். இதை இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது. அன்று அந்தக் கதிரையில் இருந்து, நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மனிதர் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், பரவாயில்லை, அடுத்த முறை வாருங்கள் என்றார். ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பெறுபேறு வந்த அன்று என் மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். “இன்னொருக்கால் எடுக்கலாம்தானே. நான் சொல்லித் தாறன். ஒருத்தருக்கும் தெரியாது. மெசினை மிதிச்சுக்கொண்டே சொல்லித் தாறன்” என்றாள்.

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். வாழைகள் தப்பியிருக்கும். அடுத்த நாள் வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதினேன். என்னுடைய மிகச் சிறந்த ஆங்கிலத்தில் எழுதினேன். திணிக்கப்பட்ட மொழியின் முன் என் மனச்சாட்சி மண்டியிடாது என்று எழுதினேன். மனைவியின் முன் மாணவனாக இருக்க முடியாது என்று எழுதவில்லை.

கடிதம் கந்தோர் முழுக்கக் கைமாறியது. பெரிய கிளாக்கர் அதைத் தேநீர் வேளையில் எழுந்து நின்று வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, நீயல்லோ தமிழன்!” என்று என்னைக் கட்டிப்பிடித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். எல்லாரும் கை தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பிரியாவிடைக் கூட்டத்துக்கு ஏற்பாடு நடந்தது. கூட்டத்துக்கு முதல் நாள் பெரிய கிளாக்கர் வேலிக்கு மேலால் என் மனைவியைக் கூப்பிட்டார். “பிள்ளை, உங்கடை வீட்டிலை திரைச்சீலை நிறையக் கிடக்காம். மேடைக்குப் பின்னாலை கட்டத் தருவீங்களோ? யன்னலுக்குத் தைச்சது கட்டையாய் இருக்கும், ஓரத்தைப் பிரிச்சு விட்டால் எட்டும்.”

அவள் “ஓம், தாறன்” என்றாள். அந்தப் பின்னேரம் முழுக்க வாசலில் இருந்து சவரப் பிளேட்டால் தையலைப் பிரித்தாள். பதினாறையும் பிரித்து, மடித்து, பிரம்புக் கூடையில் அடுக்கிக் கொடுத்துவிட்டாள். நான் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசிக்கிற மாதிரி இருந்தேன்.

கூட்டம் மண்டபத்தில். மேடையில் நடுக் கதிரை எனக்கு. சனம் நிரம்பியிருந்தது. தாய்மொழிக்காகப் பதவி துறந்த மறவன் என்றார்கள். சோற்றைவிடச் சொல்லைப் பெரிதாய் நினைத்தவன் என்றார்கள். ரோசாப்பூ மாலை விழுந்தது. முன்வரிசையில் பெண்கள் பக்கம் என் மனைவி கூறைச்சேலையோடு இருந்தாள். அவளுடைய கண் என்னில் இல்லை, எனக்குப் பின்னால் எங்கோ நின்றது. மாலையைச் சரிசெய்கிற சாட்டில் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளைத் திரைச்சீலைகள் வரிசையாகத் தொங்கின. பிரித்துவிட்ட ஓரங்கள் கசங்கலாய்க் கீழே இறங்கியிருந்தன. ஒரு நாளும் தண்ணீர் படாத துணி. நீலச் சோக்கு அப்படியே இருந்தது. என் கதிரைக்கு நேர் பின்னால், முழங்கால் உயரத்தில், உருண்டை உருண்டையாய் ஒரு வரி. தையல்காரர் குறி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள், ஒருவரும் அதை உற்றுப் பார்க்கவில்லை.

நான் அதை வாசித்தேன். ஒரு எழுத்திலும் தடக்குப்படாமல், யாரும் எடுத்துக் கொடுக்காமல் வாசித்தேன். ‘என் கணவர் படிக்கிறார். நான் தைக்கிறேன்.’

பெரிய கிளாக்கர் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் ஊர் மாறிப்போய் ஒன்றரை வருடம் கழித்து, சிங்களச் சோதனை பாஸ் பண்ணினவர்களில் அவரும் ஒருவர் என்று கேள்விப்பட்டேன். ஐந்து மணி ரேடியோவின் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது: எங்களுக்கு மெசின் மாதிரி அவருக்கு அது. அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தன் வேலையைக் காப்பாற்றியவர். நான் எதைக் காப்பாற்றினேன் என்பதுதான் கேள்வி.

கூட்டம் முடிந்து, அன்று பின்னேரமே கூடை திரும்பி வந்தது. விடுதியைக் காலி பண்ண இன்னும் நாலு நாள் இருந்தது. அவள் நிலத்தில் இருந்து திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தாள். நான் மாலையைக் கதிரையில் போட்டுவிட்டுச் சும்மா நின்றேன்.

“மேடையிலை திரும்பிப் பாத்தனீங்கள் என்ன?” என்றாள்.

“ஓம்.”

“வாசிச்சனீங்களோ?”

“ஓம்.”

“முழுக்கவோ?”

“முழுக்க.”

அவள் கையிலிருந்த திரைச்சீலையை மடித்து, மற்றவற்றுக்கு மேலே வைத்து, உள்ளங்கையால் நீவினாள்.

“அப்ப நீங்கள் பாஸ்தானே” என்றாள்.